மலை ஏற்றத்தில் நின்றுபோன கார்: ரீகால் கடிதம் வந்தது, பம்ப் வரவில்லை

பின்னணி

கோத்தகிரி பக்கத்து ஒரு சிற்றூரில் வசிக்கும் குடும்பம் இது. கணவர் சிறு தேயிலை விவசாயி. பச்சைத் தேயிலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குப் போடுகிறவர். மனைவி பள்ளி ஆசிரியை. கணவரின் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதம் இரண்டு தடவையாவது அவரைக் கோவைக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை செய்து கூட்டிவர வேண்டும். கார் வாங்கியதே அதற்காகத்தான். பஸ்ஸில் அத்தனை வளைவும் அந்த அம்மாவால் தாங்க முடியாது.

ஐந்து பேர் உட்காரும் சாதாரண பெட்ரோல் கார், மேனுவல் கியர், டர்போ கிடையாது. கோவை ஷோரூமில் புதிதாக வாங்கியது. பிரச்சினை தொடங்கியபோது அதற்கு நான்கு வயது. நிறுவனத்தின் வாரண்டி முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. இதே மாடல் சம்பந்தப்பட்ட இன்னொருவரின் புகார் இன்னும் முடியாததால் நிறுவனம், ஷோரூம், மாடல் எதன் பெயரையும் இங்கே எழுதவில்லை.

நாங்கள் நீலகிரியில் நுகர்வோர் புகார்களுக்கு உதவும் சிறு குழு. வழக்கமாக எங்களிடம் வருபவை கேஸ் ஏஜென்சி, இன்சூரன்ஸ், பழுதான ஃபிரிட்ஜ் மாதிரியான புகார்கள். கார் புகார் வந்தால் பாதிக்கு மேல் மைலேஜ் பற்றியதாக இருக்கும். இந்தப் புகாரை எழுதி வைப்பதற்குக் காரணம், மலையில் ஓடும் வண்டி என்பதாலேயே இதைக் கண்டுபிடிப்பதும் தாமதமானது, ஆபத்தும் கூடியது.

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். கோத்தகிரி 1,800 மீட்டர் அளவில். இந்த உயரத்தை முப்பது சொச்சம் கிலோமீட்டரில் வண்டி ஏறியாக வேண்டும். இந்தக் குடும்பம் காலையில் குளிரில் இறங்கும், மதியம் வெயிலில் ஏறும். இன்னொரு பழக்கமும் முக்கியம். கோத்தகிரி பங்க் ஒன்றில் கணவருக்கு மாதக் கணக்கு உண்டு. பெட்ரோல் அங்கே மட்டும்தான் போடுவார். அதனால் கோவை போய்த் திரும்பும்போது டேங்க்கில் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

முதல் இரண்டு தடவை

முதல் தடவை மார்ச் மாதம், மதியம் இரண்டரை மணி வாக்கில். மேட்டுப்பாளையம் தாண்டி, குஞ்சப்பனைக்குக் கீழே ஏற்றத்தில், இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்த வண்டி ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் இழுக்கவில்லை. இரண்டு மூன்று தடவை குலுங்கியது, அப்புறம் இன்ஜின் நின்றுவிட்டது. ஓரம் கட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. வீடு வரை தொந்தரவு இல்லை. கிளட்ச் தேய்ந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டார்.

இரண்டாவது தடவை மே மாதம். கோடை சீசனில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீஸ் திருப்பிவிடுவது வழக்கம். அதனால் அன்று கல்லாறு, பர்லியார் வழியாக ஏறினார்கள். கல்லாறு தாண்டி, பர்லியார் வருவதற்கு முன், ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவிலேயே இன்ஜின் நின்றது. பின்னால் அரசு பஸ், அதன் பின்னால் சுற்றுலா வண்டிகளின் வரிசை.

அந்தச் சில நொடிகளில் நடந்ததை அவர் சொன்னபடியே பதிவு செய்கிறோம். ஸ்டியரிங் சட்டென்று கனத்துவிட்டது. முதல் மிதிக்குப் பிரேக் நன்றாகப் பிடித்தது. வண்டி பின்னுக்கு நகர்வதைப் பார்த்துக் காலை எடுத்து மறுபடி மிதித்தார், மறுபடியும் மிதித்தார். மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிட்டது. இன்ஜின் நின்ற பிறகு, மிதியின் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குமேல் பிரேக் பிடிக்கும், ஆனால் முழு உடம்பு பலத்தையும் காலில் போட வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். மனைவி இறங்கி ஓடி, சாலையோரக் கல் ஒன்றைப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். பஸ் டிரைவர் தூரம் விட்டு வந்திருந்ததால் மோதல் இல்லை. பின் சீட்டில் அம்மா.

ஜாப் கார்டில் எழுதப்பட்டது

இதற்குப் பிறகு மலையிலேயே இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு வண்டி போனது. அங்கே சர்வீஸ் அட்வைசர் சொன்னது: "சார், மலையில எல்லா வண்டியும் இப்படித்தான் சார். ஏசி போட்டு நாலு பேரோட ஏறினா பிக்கப் இருக்காது." எத்தனால் கலந்த பெட்ரோல் மீதும் கொஞ்சம் பழி விழுந்தது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், பிழைக் குறியீடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. திராட்டில் பாடி சுத்தம், இன்ஜெக்டர் சுத்தம், புது ஸ்பார்க் பிளக், ஐயாயிரத்தை ஒட்டிய பில். காலை நேரத்தில், குளிரில், டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்போது ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "குறை காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

எங்களிடம் அவர் வந்தபோது நாங்கள் முதலில் கேட்டது அந்த ஜாப் கார்டைத்தான், அதாவது புகாரையும் செய்த வேலையையும் எழுதி சர்வீஸ் சென்டர் தரும் தாளை. வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் "பிக்கப் குறைவு, மலை ஏற்றம்" என்று இருந்தது. ஓட்டத்தில் இன்ஜின் நின்றது என்றோ, பின்னுக்கு உருண்டது என்றோ ஒரு எழுத்து இல்லை. அவர் வாயால் சொன்னார். அட்வைசர் கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலில் பக்கத்தில் இருந்ததைத் தட்டிவிட்டார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். நம்மில் யாரும் அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்ப்பதில்லை.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நிறுவனத்தின் தலைமைக்குப் போய்ச் சேருவது அந்த ஒற்றை வரிதான். பிக்கப் குறைவு என்றால் அது செயல்திறன் புகார், யாரும் அவசரப்படமாட்டார்கள். ஓட்டத்தில் இன்ஜின் அணைந்தது என்றால் அது பாதுகாப்புப் புகார். எத்தனை வண்டிகள் இப்படி நின்றன என்று எண்ணித்தான் ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது என்ற முடிவே எடுக்கப்படுகிறது. மலையில் நின்ற வண்டிகள் எல்லாம் பிக்கப் கணக்கில் போய்விட்டால் அந்த எண்ணிக்கைக்குள் நாம் வரவே மாட்டோம்.

நோட்டும் பிரஷர் கேஜும்

மலை ஏற்றம்தான் காரணம் என்பதை நாங்கள் எடுத்த எடுப்பில் தள்ளிவிடவில்லை. உயரம் கூடக் கூடக் காற்று மெலிதாகும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 சதவீத சக்தியை இழக்கும். ஊட்டியில் 2,240 மீட்டரில் அப்படிப்பட்ட எந்த வண்டியும் கோவையில் இழுத்தது போல இழுக்காது. ஆனால் அந்த இழப்பு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக வருவது. அது வண்டியை நிறுத்தாது. நிறுத்துவதாக இருந்தாலும் உச்சியில்தான் நிறுத்த வேண்டும், அடிவாரத்தில் அல்ல.

அவரிடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னோம். வண்டி குலுங்கினாலோ நின்றாலோ இடம், நேரம், வெயிலா மழையா, பெட்ரோல் முள் எங்கே இருந்தது, எத்தனை பேர், எவ்வளவு நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது. அடுத்த சில பயணங்களில் நோட்டு நிரம்பியது. நின்றதும் குலுங்கியதும் எல்லாமே மதியத்தில், பெட்ரோல் முள் கால் பங்குக்குக் கீழே இருந்தபோது, ஏற்றத்தின் கீழ்ப் பாதியில். அரவேணுக்கு மேலே ஒரு தடவைகூட இல்லை. உயரம் காரணம் என்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

கோத்தகிரியில் இருக்கும் ஒரு மெக்கானிக் தம்பி நோட்டைப் பார்த்ததுமே, "அண்ணா, இது பம்ப்புங்க" என்றார். இப்போதைய கார்களில் ஃப்யூயல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. கிணற்றுக்குள் இறக்கிய மோட்டார் மாதிரி அது பெட்ரோலில் மூழ்கியபடி ஓட வேண்டும். சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. பெட்ரோல் குறைந்து, வெயிலில் ஓடி ஓடிச் சூடாகி, அதன்மேல் ஏற்றத்தில் இன்ஜின் அதிகம் கேட்கும்போது பலவீனமான பம்ப் கைவிரித்துவிடும். ஆறியதும் மறுபடி ஓடும்.

சொன்னதோடு நிற்காமல் அளந்தும் பார்த்தார். பெட்ரோல் குழாயில் அழுத்தம் காட்டும் கேஜ் இணைத்து, அதை முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டி, பம்ப்புக்குப் போகும் வயரில் கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் மாட்டினார். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, பின்னால் ஒரு ஜீப்பை வரச் சொல்லி, கால் டேங்க்குக்குக் கீழே பெட்ரோலோடு மதிய வெயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினார்கள். ஆசிரியை பக்கத்து சீட்டிலிருந்து செல்போனில் வீடியோ எடுத்தார். மேட்டுப்பாளையத்தில் கேஜ் முள் மூன்றரை பாரில் அசையாமல் நின்றது. குஞ்சப்பனைக்குக் கீழே அதே ஏற்றத்தில் நடுங்க ஆரம்பித்து, இரண்டுக்கு இறங்கி, அப்புறம் விழுந்தது. இன்ஜின் நின்றது. இதைவிட முக்கியமானது கிளாம்ப் மீட்டர் காட்டியது: அழுத்தம் குறையக் குறையக் கரன்ட் ஏறியது. வயரிலோ ரிலேயிலோ கோளாறு என்றால் கரன்ட் குறைந்திருக்கும். கரன்ட் ஏறுகிறது என்றால் பம்ப் சுற்ற முடியாமல் உள்ளே எதிலோ உரசுகிறது.

இப்படி உரசுவது புதிதல்ல. 2020 முதல் உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் லட்சக்கணக்கான கார்களை ஃப்யூயல் பம்ப்புக்காகத் திரும்ப அழைத்திருக்கின்றன. அவற்றில் பெரும் பகுதிக்குக் காரணம் பம்ப்புக்குள் சுழன்று பெட்ரோலைத் தள்ளும் பிளாஸ்டிக் சக்கரமான இம்பெல்லர். அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்ட இம்பெல்லர் பெட்ரோலை உறிஞ்சி உப்பி, கூட்டில் உரசி, கடைசியில் சிக்கிக்கொள்கிறது. எங்கள் வண்டியில் நடந்தது அதேதான் என்று பம்ப்பைப் பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. அறிகுறிகள் எல்லாம் பொருந்தின.

அப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. வெளிச்சந்தை பம்ப் ஒன்றை அந்த மெக்கானிக் தம்பியே மாட்டித் தந்திருப்பார், பத்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும். அவர் அதைத்தான் விரும்பினார். நாங்கள் வேண்டாம் என்றோம். வெளிச்சந்தை பம்ப் தரம் எப்படியோ என்பது ஒரு காரணம். பம்ப்பைக் கழற்றிவிட்டால் நிறுவனம் "வெளியில் கை வைத்த வண்டி" என்று ஒதுங்கிக்கொள்ளும் என்பது பெரிய காரணம். வீடியோவோடு சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போகச் சொன்னோம். இந்தத் தடவை ஜாப் கார்டில், "ஏற்றத்தில் ஓடும்போது இன்ஜின் அணைந்தது, ஸ்டியரிங் கனத்தது, வண்டி பின்னுக்கு உருண்டது" என்று எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டார். அட்வைசருக்கு அது பிடிக்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டார். வீடியோவைப் பார்த்த மேனேஜர் மறுபேச்சில்லாமல் எழுதச் சொல்லிவிட்டார். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அப்போதே எங்களுக்குப் பட்டது.

ரீகால் வந்தது

ஜூன் கடைசியில் குறுஞ்செய்தி வந்தது, அதன் பின்னால் கடிதம். ஃப்யூயல் பம்ப்பில் குறை இருக்கலாம், அதனால் ஓட்டத்தில் இன்ஜின் நிற்கலாம், இலவசமாக மாற்றித் தரப்படும், அருகிலுள்ள டீலரை அணுகவும். நிறுவனத்தின் இணையதளத்தில் 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள், பட்டியலில் இருந்தது. வீட்டில் அன்று நிம்மதி.

மறுநாள் டீலருக்கு ஃபோன் செய்தால், "பார்ட்ஸ் இன்னும் வரலை சார், வந்ததும் கூப்பிடுவோம்." ஜூலையிலும் அதே பதில். ஆகஸ்டில் கோவை ஷோரூமில் கேட்டார், பம்ப் வந்திருக்கிறது, ஆனால் அங்கே வரிசை நீளம் என்றார்கள். மலையிலுள்ள சர்வீஸ் சென்டர் சிறியது, இன்டென்ட் (தேவைச் சீட்டு) போட்டுத்தான் வரவழைக்க வேண்டும், பெரிய ஷோரூம்களுக்குப் போய் மிஞ்சியதுதான் மேலே வரும். ஓட்டத்தில் நின்றால் அதிக ஆபத்து எந்தச் சாலையிலோ, அந்தச் சாலையின் வண்டிகளுக்குத்தான் பம்ப் கடைசியில் வருகிறது. நிறுவனத்தின் கணக்கில் எல்லாச் சேஸிஸ் எண்ணும் சமம். கொண்டை ஊசி வளைவு அதில் தெரியாது.

கடிதத்தை நாங்கள் வரிவரியாகப் படித்தோம். என்றைக்குள் மாற்றுவார்கள் என்று இல்லை. அதுவரை வண்டியை ஓட்டலாமா கூடாதா என்பதும் இல்லை. சட்டத்தின் நிலையையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2012 முதல் கார் நிறுவனங்களின் சங்கம் வகுத்த நெறிமுறைப்படி தாமாக முன்வந்து ரீகால் செய்வது இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2021 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருப்பதாகப் போதிய புகார்கள் வந்தால் மத்திய அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். நம்முடைய கடிதம் நிறுவனம் தானாகச் செய்த ரீகால். அதில் பம்ப் வரத் தாமதமானால் வண்டிக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

காத்திருந்த மாதங்கள்

எங்கள் குழுவுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து. ஒருவர், கடிதம் வந்த அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்றார். மற்றவர்கள், மாதம் இரண்டு தடவை அம்மாவை டாக்சியில் அழைத்துப்போக ஆகும் செலவை நினைத்தார்கள். அதுவும் அந்தச் சமயத்தில் பச்சைத் தேயிலை விலை அப்படி ஒன்றும் இல்லை. கடைசியில் குடும்பமே ஒரு நடுவழி எடுத்தது.

மலைக்குள் கடைக்கும் பள்ளிக்கும் வண்டியை எடுப்பது, கோவைப் பயணத்துக்கு டாக்சி. டாக்சி கிடைக்காத நாளில் மட்டும் கார். அப்படி எடுத்தால் டேங்க் பாதிக்குக் கீழே போகக் கூடாது, மேட்டுப்பாளையத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். டிக்கியில் சக்கரத்துக்குக் கொடுக்க இரண்டு மரக்கட்டை, முக்கோண எச்சரிக்கைப் பலகை. முன்னால் போகும் பெரிய வண்டியை ஏற்றத்தில் முந்தவே கூடாது. இருட்டுவதற்கு முன் குஞ்சப்பனையைத் தாண்டிவிட வேண்டும். கடைசி விதிக்குக் காரணம் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானைகள் சாலைக்கு வரும். வண்டி நின்றால் இறங்கிக் கட்டை கொடுக்கும் இடம் இல்லை அது.

டாக்சி பில் ஒவ்வொன்றையும் தேதி போட்டு எடுத்து வைக்கச் சொன்னோம்.

செப்டம்பரில் அந்த நடுவழியும் அடைபட்டது. மழை நாள், காலை நேரம், டேங்க் பாதிக்கு மேல். கோத்தகிரி டவுனுக்குள் சின்ன ஏற்றத்தில் வண்டி நின்றது; அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆகவில்லை. டேங்க்கை நிரப்பி வைப்பது கெட்டுக்கொண்டிருக்கும் பம்ப்புக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தது, அவ்வளவுதான். அன்றோடு காரை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டார்கள். என் கருத்து அந்த ஒருவருடைய கருத்துதான்: ஓட்டத்தில் இன்ஜின் நிற்கும் என்று செய்தவனே எழுதித் தந்த வண்டியை மலைச்சாலையில் எடுக்கக் கூடாது. ஆனால் அதற்கான செலவை வண்டிக்காரர் தலையில் போட்டுவிட்டு அதைச் சொல்வது எளிது.

புகார் போன வழி

செப்டம்பர் சம்பவத்துக்குப் பிறகு ஃபோனை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு மாறினோம். டீலருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே கடிதம், பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும். இரண்டு ஜாப் கார்டு, நோட்டின் நகல், வீடியோ, ரீகால் கடிதம் இணைப்பு. கோபம், வருத்தம் எதுவும் எழுதவில்லை. நான்கு கேள்விகள் மட்டும். பம்ப் எந்தத் தேதிக்குள் மாற்றப்படும்? அதுவரை இந்த வண்டியை மலைச்சாலையில் ஓட்டுவது பாதுகாப்பானது என்று எழுதித் தருவீர்களா? இல்லையென்றால் மாற்று வண்டியோ டாக்சிச் செலவோ யார் பொறுப்பு? வழியில் நின்றால் இழுத்துவரும் வண்டியை யார் அனுப்புவது?

வேலை செய்தது இரண்டாவது கேள்வி. அட்வைசர் வாய்மொழியாகப் பல தடவை "ஓட்டலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தார். அதை எழுதித் தரச் சொன்னதும் யாரும் தயாராக இல்லை. ஓட்டாதீர்கள் என்று எழுதவும் தயாராக இல்லை, எழுதினால் டாக்சிக் காசு கொடுக்க வேண்டிவரும். வந்த முதல் பதில், பொறுமைக்கு நன்றி சொல்லும் வழக்கமான மின்னஞ்சல். அதையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்தோம்.

கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவானது. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் ரீகால் புகார்களுக்கென்று இருக்கும் பக்கத்திலும் பதிவு செய்தார்கள். இந்த இரண்டாவது புகாரால் ஒரு தனிப்பட்ட வண்டிக்கு உடனே பம்ப் வந்துவிடாது. ஆனால் அரசு எண்ணும் எண்ணிக்கையில் நம் வண்டியும் சேர வேண்டும்.

இடையில் கோத்தகிரி டாக்சி ஸ்டாண்டில் விசாரித்ததில் அதே மாடல் வைத்திருக்கும் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவருக்கு இதே அறிகுறி, வங்கித் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, வண்டியை நிறுத்தினால் சாப்பாடு இல்லை. அவர் ரீகாலுக்குக் காத்திருக்காமல் ஜூலையிலேயே சொந்தச் செலவில் பம்ப் மாற்றிவிட்டார். பில்லும் பழைய பம்ப்பும் பத்திரமாக வைத்திருந்தார். மற்றவர் வண்டியில் இன்னும் தொந்தரவு வரவில்லை, பட்டியலில் மட்டும் இருந்தது. டாக்சி என்றால் வணிக நோக்கம், நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

அக்டோபரில் ஊட்டி வழக்கறிஞர் ஒருவர் மூலம் நோட்டீஸ் போனது. பதினைந்து நாள் கெடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியது கோவையாக இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதனால் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவதாக நோட்டீஸில் தெளிவாக எழுதினோம். கோவைக்கும் சென்னைக்கும் அலைந்து களைத்துப்போவார்கள் என்று எதிர்த் தரப்பு கணக்குப் போட இடம் தரக் கூடாது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக் காலவரம்பும் உண்டு. ஜாப் கார்டுகள் இருந்ததால் எது அந்த நாள் என்பதில் சண்டை வராது.

நடந்தது

கெடு முடிவதற்குள் நிறுவனத்தின் மண்டல அலுவலகத்திலிருந்து ஃபோன். அடுத்த வாரம் பம்ப் மலைக்கே வந்தது. ஐந்து மாதம் கிடைக்காத பொருள் எப்படி ஒரு வாரத்தில் கிடைத்தது என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை. வேலை ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது: பின் சீட்டைத் தூக்கி, அடியில் உள்ள மூடியைத் திறந்து, பம்ப் தொகுப்பை முழுதாக மாற்றி, அழுத்தம் பார்த்து, மூடினார்கள்.

பழைய பம்ப்பைக் கேட்டோம். ரீகால் பாகம் நிறுவனத்துக்குத் திரும்பப் போக வேண்டும் என்று தரவில்லை, அது வழக்கம்தான். அதன் பாக எண்ணையும் புதியதன் எண்ணையும் படம் எடுத்துக்கொண்டோம், ரீகால் எண்ணை ஜாப் கார்டில் எழுத வைத்தோம். டெலிவரி எடுக்கும்போது "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார்கள். ஆசிரியை அதை நிதானமாகப் படித்து, இரண்டாவது பாதியை அடித்து, "பம்ப் மாற்றப்பட்டது, செலவுக் கோரிக்கை நிலுவையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். யாரும் தடுக்கவில்லை.

பின்னர் டாக்சிப் பில்களில் ஏறத்தாழ பாதியை நல்லெண்ணத் தொகை என்ற பெயரில் தந்தார்கள். பொறுப்பை ஏற்கும் ஒரு சொல்கூட அந்தக் கடிதத்தில் இல்லை. முதல் தடவை செய்த இன்ஜெக்டர் சுத்தம், ஸ்பார்க் பிளக் செலவு திரும்பவில்லை. மிச்சத்துக்கு வழக்குப் போடலாம் என்றோம். குடும்பம் வேண்டாம் என்றது. அம்மாவின் வைத்தியம், தோட்டம், பள்ளி எல்லாவற்றுக்கும் நடுவில் அவர்களுக்கு இதுவே போதும். புது பம்ப்போடு கால் டேங்க்கில், மதிய வெயிலில், அதே குஞ்சப்பனை ஏற்றத்தில் மெக்கானிக் தம்பி மறுபடி கேஜ் ஒட்டிப் பார்த்தார், முள் அசையவில்லை.

தொந்தரவே வராத டாக்சிக்காரருக்கு அதே வாரம் பம்ப் மாற்றினார்கள். சொந்தச் செலவில் மாற்றியவரின் கதை வேறு. அங்கீகரிக்கப்படாத இடத்தில் மாற்றியதால் பணம் திரும்பத் தர முடியாது என்று நிறுவனம் எழுதிவிட்டது. அவர் ஊட்டி ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். பழைய பம்ப் அவர் கையில் இருப்பதால் அதை ஆய்வுக்கு அனுப்பக் கேட்டிருக்கிறார். விசாரணை நடக்கிறது.

இனி மாற்றிச் செய்பவை

வண்டிப் புகாரோடு வருகிறவர்களிடம் இப்போது முதல் சந்திப்பிலேயே சேஸிஸ் எண்ணை வாங்கி நிறுவனத்தின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பார்க்கிறோம். பட்டியலில் வண்டி இருந்தால், பம்ப்போ வேறு பாகமோ என்றைக்கு வரும், அதுவரை ஓட்டலாமா என்ற இரண்டு கேள்வியையும் ரீகால் கடிதம் வந்த வாரத்திலேயே எழுத்தில் கேட்கிறோம். இந்தக் குடும்பத்தில் அந்தக் கடிதம் செப்டம்பரில் போனது. ஜூலையில் போயிருந்தால் டாக்சிக் கோரிக்கை இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

சொந்தச் செலவில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களை, பிழைப்பு நின்றுவிடும் டாக்சிக்காரர்களை, இனி தடுக்கப்போவதில்லை. மாற்றுவதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல், உங்களிடம் பம்ப் இல்லாததால் இன்ன தேதியில் இன்ன இடத்தில் மாற்றுகிறேன், வந்து பார்க்கலாம் என்று. பழைய பாகம், பில், மாற்றும்போது எடுத்த படம் மூன்றும் வேண்டும்.

ஜாப் கார்டுக்கு ஒரு மாதிரி வாசகம் எழுதிக் கோத்தகிரி ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறோம்: "இன்ன தேதி, இன்ன இடத்தில், ஏற்றத்தில், இத்தனையாவது கியரில் ஓடிக்கொண்டிருந்தபோது இன்ஜின் தானாக அணைந்தது. இத்தனை நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. அப்போது பெட்ரோல் அளவு இவ்வளவு." பிக்கப் என்ற சொல் அதில் கிடையாது. இந்த வாசகம் கணினியில் ஏறி அச்சாகி வந்ததைப் படித்த பிறகே கையெழுத்து. அட்வைசர் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை என்றால் பேனாவால் எழுதி அவரையும் பக்கத்தில் கையெழுத்திடச் சொல்ல வேண்டும்.